குளத்தூரம்மாவும் காற்றடித்த சொரிமுத்துவும்

குளோத்தில்ட் 1940 ஏப்ரலில் பம்பாய்க்கு வந்தது தங்கையின் பிரசவத்துக்கு. மூன்று மாதம் இருந்து, குழந்தைக்குக் கழுத்து நின்றதும் காரைக்காலுக்குத் திரும்பிவிடுவதாக ஏற்பாடு. தாதர் ஸ்டேஷனில் இறங்கியபோது அவள் கையில் ஒரு தகரப் பெட்டியும் ஒரு குடையும் பிரசவ மருந்துப் பொட்டலமும்தான் இருந்தன. மூன்று மாதத்துக்கு அதற்கு மேல் எதற்கு?

குழந்தை மே மாதம் பிறந்தது. ஜூன் மாதம் பிரான்சு விழுந்தது.

பிரான்சு விழுந்தால் தாராவியில் சால் என்கிற வரிசை வீடுகளில் ஒன்றில் பிள்ளைக்குச் சாம்பிராணி போட்டுக்கொண்டிருக்கும் ஒரு விதவைக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். வந்தது. குளோத்தில்ட் பிரெஞ்சுப் பிரஜை. அவள் தாத்தா அந்தக் காலத்திலேயே குடும்பத்தோடு பிரெஞ்சுச் சட்டத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, பிள்ளைகளுக்கெல்லாம் வாயில் நுழையாத பெயராக வைத்துவிட்டுப் போய்விட்டார். ஆகையால் பம்பாயில் அவள் அந்நியர். சண்டைக் காலத்தில் அந்நியர்கள் போலீஸ் ஆபீசுக்குப் போய்ப் பெயர் பதிய வேண்டும், அனுமதியில்லாமல் ஊரைவிட்டுப் போகக் கூடாது; காரைக்கால் பயணம் தள்ளிப்போயிற்று. தங்கை புருஷன் வியாகப்பன், மாட்டுங்கா ரயில்வே பட்டறையில் பிட்டர், ஒரு நாள் லீவு போட்டுவிட்டு அவளை அழைத்துக்கொண்டு போனான்.

அங்கே பாரம் எழுதிய குமாஸ்தாவுக்கு வெங்கடராமன் என்று பெயர். மாட்டுங்காவில் குடியிருக்கும் பாலக்காட்டுக்காரர். தலை நிமிராமல் இங்கிலீஷில் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டு போனவர், எந்த நாட்டுப் பிரஜை என்ற கேள்விக்கு "பிரெஞ்சு" என்று பதில் வந்ததும் பேனாவை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார். எதிரே நூல் புடவை, இறுகக் கட்டிய கொண்டை, கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை, நல்ல கறுப்பு நிறத்தில் முப்பத்திரண்டு வயதுப் பெண்.

"அம்மா, தமிழ் பேசுவேளா?"

"பேசுவேனே."

"பேஷாப் பேசறேளே! அப்பறம் எப்படி பிரெஞ்சு?"

"ஊரு காரைக்கால். ஏழு வயசுல அப்பா சைகோனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு. அங்கதான் வளர்ந்தேன். கல்யாணமும் அங்கதான். அவர் ஜுரத்துல போனதும் அங்கதான்."

வெங்கடராமன் சற்று நேரம் பாரத்தைப் பார்த்தார். அதில் இவ்வளவுக்கு இடமில்லை.

"சரி. தொழில்?"

"ஆர்கனிஸ்ட்."

"என்னது?"

"மாதா கோயில்ல ஆர்கன் வாசிக்கிறது."

"ஆர்மோனியம்னு போட்டுடட்டுமா?"

"போடாதீங்க," என்றாள் குளோத்தில்ட் சட்டென்று. "ஆர்மோனியத்தை மடியில தூக்கி வெச்சுக்கலாம். ஆர்கன் ஒரு அறை பெரிசு இருக்கும். அதுக்குள்ள நாமதான் போய் உட்காரணும்."

வெங்கடராமன் எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டார். "இங்கே எந்தக் கோயில்ல வாசிக்கறேள்?"

குளோத்தில்ட் வியாகப்பனைப் பார்த்தாள். வியாகப்பன் கூரையைப் பார்த்தான். "மாட்டுங்காவுல," என்று சொல்லிவைத்தாள். அங்கே ரயில்வே லைனை ஒட்டி ஒரு மாதா கோயில் இருந்தது மட்டும் அவளுக்குத் தெரியும். சர்க்கார் காகிதத்தில் பொய் எழுத வைத்துவிட்டோமே என்று வீடு வரும்வரை உறுத்திக்கொண்டே வந்தது.

ஆர்கனிஸ்ட் என்று சொன்னது பொய்யில்லை. சைகோனில் அவர்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கோயிலில் ஒரு வெள்ளைக்காரர் ஆர்கன் வாசித்தார். குளோத்தில்ட்டுக்குப் பதின்மூன்று வயதாகும்போது அவருக்குப் பாட்டுப் புத்தகத்தின் பக்கம் திருப்ப அவளை உட்கார வைத்தார்கள். அந்த மனிதரோ புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்வாரே தவிரப் பார்க்கமாட்டார். பழைய லத்தீன் பாட்டு ஒன்றிலிருந்து நாலு ஸ்வரம் எடுத்துக்கொண்டு, அதைத் திருப்பிப் போட்டு, நீட்டி, மடக்கி, அந்த நிமிஷத்தில் என்ன தோன்றுகிறதோ அதை வாசித்துக்கொண்டே போவார். பாதிரியார் காணிக்கையைத் தூக்கி முடித்தால் இவரும் முடித்துவிடுவார். பாதிரியார் தாமதித்தால் இவர் இன்னொரு சுற்றுப் போவார். திருப்பப் பக்கமே இல்லாததால் குளோத்தில்ட் மூன்று வருஷம் அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்கவில்லை, பெயரைக்கூடக் கேட்டதில்லை. ஒரு தடவை அவர் ஆறு மாத விடுமுறையில் கப்பலேறிப் போனார், திரும்பி வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை யார் வாசிப்பது என்று எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, அவள் போய் உட்கார்ந்து வாசித்துவிட்டாள். அப்புறம் பதின்மூன்று வருஷம் அந்த இருக்கை அவளுடையதாகவே இருந்தது.

புருஷன் போனபின் காரைக்காலுக்கு வந்து மாமனார் வீட்டில் இரண்டரை வருஷம் இருந்தாள். அந்த இரண்டரை வருஷத்தில் அவள் விரல் ஆர்கனைத் தொடவேயில்லை. சாப்பாட்டு மேஜை விளிம்பில் விரலை ஓட்டிக்கொண்டிருப்பாள். மாமியார் அதைப் பார்த்துவிட்டு, பிள்ளைக்கு நரம்புத் தளர்ச்சி என்று கஷாயம் போட்டுக் கொடுத்தார்.

*

மாட்டுங்கா கோயிலில் ஆர்கன் இருந்தது. அதுவே பெரிய அதிர்ஷ்டம். எப்போதோ ஒரு ரயில்வே துரை தானமாகக் கொடுத்தது: ஒரு வரிசைக் கட்டை, எந்தக் குழலுக்குக் காற்றுப் போக வேண்டுமோ அதற்கு இழுத்துவிடும் ஐந்து குமிழ்கள், காலால் மிதிக்கும் கட்டைகள், மேலே குழல்கள். வாசித்துக்கொண்டிருந்த ஆள் பட்டாளத்து பேண்டு வாத்தியத்தில் சேர்ந்து போய் இரண்டு வருஷமாகியிருந்தது. பூசைக்கு வந்த குளோத்தில்ட் பூசை முடிந்ததும் யாரையும் கேட்காமல் மாடிப்படி ஏறிப்போய் மூடியைத் திறந்து ஒரு கட்டையை அழுத்தினாள். சத்தமே இல்லை. பின்னால் சுற்றிப் போய்ப் பார்த்தால், துருத்தியின் தோலை எலி அரை முழத்துக்குத் தின்றிருந்தது.

"இதுக்கு ஆட்டுத்தோல் வேணும். ஒட்டத் தெரிஞ்ச ஆள் வேணும்," என்றாள் வியாகப்பனிடம்.

"தாராவியில இருந்துக்கிட்டு தோலுக்கா பஞ்சம், மதினி?" என்றான் அவன்.

இரண்டு சந்து தள்ளி ஒரு இரும்புப் பட்டறை. அங்கே துருத்தி ஊதுகிற சொரிமுத்து நாற்பது வயது ஆள், அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரர். துருத்தி கிழிந்தால் அவரே தோல் வாங்கி அவரே வஜ்ஜிரம் காய்ச்சி ஒட்டிவிடுவார். குளோத்தில்ட் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "துருத்திங்கிறிய. உலை எங்க இருக்கு?" என்று கேட்டார்.

"உலை இல்லை. காத்து குழலுக்குள்ள போகும். பாட்டு வரும்."

"நெருப்பு இல்லாம துருத்தியா? காலி பீலி வெறுங்காத்தையா அடிக்கச் சொல்லுதிய?" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, வாறேன். உங்க பேரு என்னம்மா?"

"குளோத்தில்ட்."

"குளத்தூரா? எந்தக் குளத்தூர்? நம்ம பக்கத்துல மூணு குளத்தூர் இருக்கு."

"ஊர் இல்லைங்க, அது பேரு. குளோத்-தில்ட்."

"சரிதாம்மா. ஊர்ப்பேர வச்சிக் கூப்பிடுததுதான நம்ம பக்கத்து வழக்கம்," என்றார் சொரிமுத்து பெருந்தன்மையாக. அன்றிலிருந்து தாராவி முழுக்க அவள் குளத்தூரம்மாதான். கொஞ்ச நாளில் தங்கையே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

தோல் ஒட்டி, காய்ந்து, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சொரிமுத்து பின்னால் நின்று துருத்திக் கட்டையைப் பிடித்து மேலும் கீழும் அடித்தார். குளோத்தில்ட் ஒரு கட்டையை மெல்ல அழுத்தினாள். குழலுக்குள் இரண்டு வருஷமாகக் குடியிருந்த ஏதோ பூச்சி முதலில் வெளியே வந்தது. பின்னாலேயே ஒலி வந்தது. கனமான, உருண்டையான, அடிவயிற்றில் வந்து நிற்கிற ஒலி. அவள் கையை எடுக்கவில்லை. மற்ற விரல்களும் தாமாகப் போய் உட்கார்ந்துகொண்டன. எவ்வளவு நேரம் வாசித்தாளோ, அவளுக்கே தெரியாது. திடீரென்று ஆர்கன் விக்கலெடுத்து அடங்கிவிட்டது.

பின்னாலிருந்து சொரிமுத்துவின் குரல்: "யம்மா, மனுசன் மூச்சு விட வேண்டாமா?"

கோயிலை நடத்தும் விசாரணைச் சாமியார் பாதர் மெனேசிஸ் கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கோவாக்காரர். எட்டு வருஷமாகத் தாராவிக்காரர்களுக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்டுக் கேட்டு அவருடைய தமிழ் திருநெல்வேலிப் பக்கமாகச் சாய்ந்துவிட்டது.

"நல்லா இருந்துச்சி," என்றார். "இது எந்த புக்குல உள்ளது?"

"புஸ்தகம் இல்லைங்க, சாமி. நானா வாசிச்சது."

பாதர் முகம் மாறிவிட்டது. "நீயா? அப்பிடி வாசிக்கப்பிடாது. கோயில்ல புக்குல உள்ளதத்தான் வாசிக்கணும். நாளைக்கி நீ என்ன வாசிப்பேன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

எனக்கே தெரியாதே என்று சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு, "சரிங்க, புஸ்தகம் வெச்சுக்கிறேன்," என்றாள் குளோத்தில்ட்.

மறுநாள் முதல் ஆர்கன் மேல் ஒரு தடித்த புத்தகம் திறந்திருந்தது. வரிக்கு வரி கண்ணை ஓட்டி, பக்கத்தைத் திருப்பித் திருப்பி அவள் வாசித்தாள். பாதருக்குத் தூரப் பார்வை சரியில்லை. கீழேயிருந்து பார்த்துத் திருப்தியாகத் தலையை ஆட்டிக்கொண்டார். ஒன்றரை வருஷம் இப்படியே ஓடியது. ஒரு கிறிஸ்துமஸ் பூசைக்கு முன்னால், பாடகர் கூட்டத்துக்கு ஏதோ சொல்ல மேலே ஏறி வந்த பாதர், உபகாரமாகத் தாமே ஒரு பக்கத்தைத் திருப்பிவிடலாம் என்று குனிந்தார். கல்யாணிலிருந்து இகத்புரி வரை ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வண்டி நிற்கிற நேரம் அச்சடித்திருந்தது. வியாகப்பன் பட்டறையிலிருந்து கொண்டுவந்த ரயில்வே கால அட்டவணை.

பாதர் இரண்டு வாரம் அவளோடு பேசவில்லை. மூன்றாவது வாரம் கூப்பிட்டனுப்பினார்.

"இத்தன நாளும் ரயில் புக்கா?"

"நீங்கதான் புஸ்தகம் வேணும்னீங்க, சாமி."

பாதர் உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தார். முடியவில்லை. வயிறு குலுங்கச் சிரித்துவிட்டார். "சரி, உன் இஷ்டம்போல வாசி. ஆனா நான் பூசைய முடிச்சா நீயும் முடிக்கணும். மெயில் வண்டி மாதிரி நிக்காம போகப்பிடாது."

ஆர்கனில் காற்று எவ்வளவு இருக்கிறது என்று காட்ட ஒரு நூலில் ஈயக் குண்டு தொங்கும். குண்டு மேலே போனால் காற்று குறைகிறது. அந்தக் குண்டு சொரிமுத்துவுக்குத்தான் தெரியும், குளோத்தில்ட்டுக்குத் தெரியாது. அவளுக்கு முதுகுக்குப் பின்னால் கேட்கும் மூச்சுதான் கணக்கு. அவர் மூச்சு வாங்கினால் இரண்டு குமிழை உள்ளே தள்ளிவிட்டு மெல்லிய குழலில் வாசிப்பாள். அவர் சுதாரித்துக்கொண்டதும் எல்லாக் குமிழையும் இழுத்துவிடுவாள். சொரிமுத்துவும் லேசுப்பட்டவரில்லை. பாட்டு எங்கே ஏறப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்து இரண்டு அடி அதிகமாக அடித்துவைப்பார். பிரசங்கம் நடக்கும்போது பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து வெற்றிலை போடுவார்.

இதெல்லாம் அவர் மனைவி பேராச்சிக்குப் பிடிக்கவில்லை. "ஆறு நாளு பட்டறையில காத்தடிச்சிட்டு ஏழாம் நாளு மாதா கோயில்லயும் போயி காத்தடிக்காரு. வீட்டுல அடுப்ப ஊதச் சொன்னா மாத்திரம் நெஞ்சு வலிக்காம்," என்று குழாயடியில் குளோத்தில்ட் காதில் விழும்படியாகவே சொல்லுவாள்.

*

1945 ஜூலையில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை இஞ்ஞாசி பட்டாளத்தில் தந்தி வேலை. பத்து நாள் லீவில் வந்தவன், அன்றைக்கு ராத்திரி ஒன்பதரை வண்டிக்கு விக்டோரியா டெர்மினஸில் நிற்க வேண்டும். அங்கிருந்து பர்மா பக்கம். பெண் ரீத்தம்மாள் செம்பூரிலிருந்து வர வேண்டும். கல்யாணம் நாலு மணிக்கு.

காலையிலிருந்து மழை கொட்டியது. நாலு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் முன் பெஞ்சுகளில் உட்கார்ந்துவிட்டார்கள். பெண் வரவில்லை. நாலே காலுக்கு ஒரு ஆள் சொட்டச் சொட்ட நனைந்து வந்து, குர்லாவுக்கும் சயானுக்கும் நடுவே லைன் முங்கிவிட்டது, வண்டியெல்லாம் நிற்கிறது என்றான். வியாகப்பன் குடையை எடுத்துக்கொண்டு பெண் வீட்டாரைத் தேடி லைன் ஓரமாகவே நடந்து போனான். மாப்பிள்ளையின் தாய் சூசானம்மாள் சத்தமாகவே, "மழையாவது மண்ணாவது! பட்டாளத்தானுக்குப் பொண்ணு குடுக்க மனசில்ல. அப்பமே சொன்னேன்," என்று ஆரம்பித்துவிட்டாள். இரண்டு பெஞ்சு எழுந்து நின்றது.

பாதர் மெனேசிஸ் அங்கியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி ஓடி வந்தார். "குளோத்தில்ட், ஏதாவது வாசி. நிறுத்தாத. ஆர்கன் கேட்டுக்கிட்டிருந்தா கல்யாணம் ஆரம்பிச்சாச்சின்னு உக்காந்திருப்பாங்க. நிறுத்தினா எந்திரிச்சிப் போயிருவாங்க."

"எவ்வளவு நேரம், சாமி?"

"பொண்ணு வாற வரைக்கும்."

குளோத்தில்ட் ஆரம்பித்தாள். எழுந்து நின்ற இரண்டு பெஞ்சும் உட்கார்ந்தது. முதல் அரைமணி நேரம் சைகோனில் பார்த்த விரல்கள் கைகொடுத்தன. நாலு ஸ்வரத்தை எடுத்து வலது கையில் சொல்லி, இடது கையில் திருப்பிச் சொல்லி, காலால் மெதுவாக அதையே மிதித்துக்கொண்டு போனாள். ஐந்து மணிக்கு அந்த நாலு ஸ்வரத்தில் பிழிவதற்கு இனி ஒன்றும் இல்லை. வேறு நாலு எடுத்தாள். அதுவும் இருபது நிமிஷத்தில் காலி. பிறகு ஒரு இடத்தில் தலைக்குள் சுத்தமாக ஒன்றுமே இல்லை. ஒரே ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஒற்றை ஒலி நீண்டுகொண்டே போனது.

"யம்மா," என்று பெட்டியைத் தட்டினார் சொரிமுத்து. "இருக்கியளா?"

"இருக்கேன். ஒண்ணும் தோணலை."

"எனக்குத் தோள்பட்டையே தோணல. நிப்பாட்டிருவமா?"

"நிப்பாட்டினா அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் இல்லை."

அந்த நேரம் பார்த்து மாடிப்படியில் தடதடவென்று காலடிச் சத்தம். பேராச்சி. புடவையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு, தலையில் சாக்கு. "வீட்டுக்குள்ள முட்டளவு தண்ணி! நீரு இங்க நின்னு காத்தடிச்சிக்கிட்டு இருக்கீரு!"

"தண்ணி வந்தா நான் வந்து குடிக்கவா செய்வேன்? பெட்டியத் தூக்கிப் பரண்ல வையி."

"வச்சிட்டுத்தான் வாறேன்."

"அப்பம் இதப் பிடி," என்று துருத்திக் கட்டையை அவள் கையில் கொடுத்துவிட்டுச் சொரிமுத்து தரையில் சரிந்துவிட்டார்.

பேராச்சி கட்டையைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், உலக்கையைப் பிடிப்பதுபோல் பிடித்தாள். சொரிமுத்து அடிப்பது நிதானமாக, நீள நீளமாக இருக்கும். இவள் நெல் குத்துகிற மாதிரி சின்னச் சின்னதாக, டக் டக் என்று அடித்தாள். ஆர்கன் துள்ள ஆரம்பித்தது. நீட்டிப் பிடித்திருந்த ஒற்றை ஒலியே தாளம் போட்டது. அந்தத் துள்ளலோடு குளோத்தில்ட்டின் கையும் துள்ளியது. மேலே தகரக் கூரையில் மழை, பக்கத்து லைனில் நின்றுபோன இஞ்சினின் பெருமூச்சு, சால் பெண்கள் ஆடிமாதம் கைகொட்டிச் சுற்றி வரும் கும்மி மெட்டு, எது எதற்கு முன்னால் வந்தது என்று அவளுக்கே தெரியாது. எல்லாவற்றையும் குழலுக்குள் போட்டாள். கும்மி மெட்டைக் காலில் மிதித்து, மேலே அதற்கு நாலு குரல் கட்டி, குமிழ் எல்லாவற்றையும் இழுத்துவிட்டாள்.

"ஏளா, இது நம்ம முளைப்பாரிக் கும்மியில்லா!" என்றாள் பேராச்சி மூச்சிரைக்க. அதற்கப்புறம் அவளை நிறுத்தவே முடியவில்லை.

கீழே பின் பெஞ்சில் தாராவிப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கை தட்டக் கூடாது, கோயில். ஆனால் பெஞ்சுக்கு அடியில் கால்கள் தட்டிக்கொண்டிருந்தன. முன் பெஞ்சிலிருந்த ஆங்கிலோ இந்திய ரயில்வே கார்டு ஒருவர் பாதரிடம் சாய்ந்து, பிரமாதம், என்ன பாட்டு என்று கேட்டார். பாதர் கண்ணை மூடிக்கொண்டு, "இது சுத்தமான பிரெஞ்சு முறை," என்றார். சூசானம்மாள்கூட வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

ஆறு இருபத்தைந்துக்கு வாசலில் மணிச் சத்தம் கேட்டது. எருமை வண்டி. குர்லா தொழுவத்துக்குப் புல் ஏற்றிப்போகிற வண்டியை வியாகப்பன் எப்படியோ பேசிப் பிடித்துவிட்டான். ரயில், பஸ், டாக்சி எல்லாம் நின்றுபோன வெள்ளத்தில் எருமை மட்டும் சந்தோஷமாக நடந்து வந்தது. ரீத்தம்மாள் புல்லுக்கட்டின் மேல் உட்கார்ந்திருந்தாள். வெள்ளைப் புடவையில் இடுப்புவரை பச்சைக் கறை. இறங்கியதும் நேரே உள்ளே வந்து, இஞ்ஞாசியைப் பார்த்து, "டைம் ஆயிடுச்சா?" என்று கேட்டாள். இஞ்ஞாசி, "ஒம்பதரைக்குத்தான் டிரெயின்," என்றான்.

பாதர் அன்றைக்குச் செய்ததைப்போல் அவ்வளவு சுருக்கமாக ஒரு கல்யாணம் அவர் வாழ்நாளில் செய்ததில்லை. கல்யாணம் முடிந்து எல்லோரும் வெளியே போகும்போது வாசிக்க வேண்டிய பாட்டுக்குக் குளோத்தில்ட்டின் விரல் ஒன்றுகூட மடங்கவில்லை. இரண்டு மணி நேரம். ஆர்கன் மேல் தலையைச் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பேராச்சி முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, "காத்தடிச்சி முடிஞ்சிட்டுல்லா? வாங்க, வீட்டுத் தண்ணிய இறைக்கணும்," என்றாள். மூன்று பேரும் போய் ராத்திரி சோற்று வேளை வரை இறைத்தார்கள்.

இஞ்ஞாசி பர்மாவுக்குப் போய்ச் சேருவதற்குள் சண்டை முடிந்துவிட்டது. வந்த வழியே திரும்பி வந்தான்.

*

அந்த மழைக் கல்யாணம் ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது. பாந்த்ராவிலிருந்து கூப்பிட்டார்கள், மாஹிமிலிருந்து கூப்பிட்டார்கள். 1946இல் கோட்டைப் பக்கத்துப் பெரிய கோயில் ஒன்றிலிருந்து, பிரெஞ்சு ஆர்கனிஸ்டை அனுப்பிவைக்கும்படி பாதருக்குக் கடிதம் வந்தது. அங்கே இரண்டு வரிசைக் கட்டை, இருபத்திரண்டு குமிழ், மின்சார மோட்டார். சைகோனை விட்டபின் அப்படி ஒரு வாத்தியத்தை அவள் பார்த்ததில்லை. முதல் நாள் வாசித்துவிட்டு இறங்கும்போது கால் தரையில் பாவவில்லை. கோயில் கமிட்டிக்காரர்கள் அவளுக்கு முதுகுக்குப் பின்னால் யாரையோ தேடினார்கள். வெள்ளைக்கார ஆண்பிள்ளை யாரும் இல்லை என்று தெரிந்ததும் தங்களுக்குள் கூடிப் பேசினார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பாடற்பூசையில் ஆண்கள் கூட்டத்தோடு ஒரு பெண் மேலே உட்கார விதி இல்லை, வேண்டுமானால் கிழமை நாட்களில் சாவுப் பூசைக்கு வாசிக்கலாம் என்றார்கள்.

வீட்டுக்கு வந்து தங்கையிடம் சொல்லும்போது குளோத்தில்ட்டுக்குக் கண் கலங்கியது. "மானங்கெட்ட வேலை, போகாதே," என்றாள் தங்கை. அவள் போனாள். அந்த ஆர்கனை விட அவளுக்கு மனசில்லை. செவ்வாய், வியாழன் காலையில் மாட்டுங்காவில் ரயிலேறிப் போய், முன்பின் தெரியாத பெரிய மனிதர்களுக்கெல்லாம் இருபத்திரண்டு குமிழோடு வழியனுப்பு வாசித்தாள். சாவு வீட்டார் அழுகையை நிறுத்திவிட்டு மேலே நிமிர்ந்து பார்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவில் ஐந்து குமிழும் சொரிமுத்துவும். இப்படி மூன்று வருஷம். போலீஸ் ஆபீசில் வருஷா வருஷம் கையெழுத்துப் போடும் வேலை மட்டும் ஓயவில்லை. 1947 செப்டம்பரில் வெங்கடராமன், "நாங்கள்ளாம் இந்தியன் ஆயாச்சு. நீங்கோ மட்டும் இன்னும் பிரெஞ்சாவே இருக்கேளே," என்று அங்கலாய்த்தார். "இந்தியாவா பிரான்சான்னு காரைக்கால் முடிவு பண்ணட்டும், அப்புறம் பார்க்கலாம்," என்றாள் அவள்.

1949இல் மாட்டுங்கா கோயிலுக்கும் மோட்டார் வாங்கலாமா என்று பேச்சு வந்தது. பாதர் மெனேசிஸ் தயங்கினார். சொரிமுத்துவுக்கு மனசு நோகுமே என்று குளோத்தில்ட்டும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் சொரிமுத்துவே நேரில் வந்துவிட்டார். "மோட்டார் வாங்குங்க, சாமி. எனக்கு நாரி வலி, இடுப்பு நிமிர மாட்டேங்கு. இனிமே ஞாயித்துக்கெழமை தூங்கணும்." மோட்டாரைப் பொருத்த வந்த ஆளுக்குக் குழாய் எங்கே போகிறது, தோல் எங்கே இளகியிருக்கிறது என்று கூடவே நின்று காட்டிக்கொடுத்ததும் அவர்தான்.

மோட்டார் ஓடிய முதல் ஞாயிற்றுக்கிழமை சொரிமுத்து தூங்கவில்லை. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, பேராச்சியையும் அழைத்துக்கொண்டு, கோயிலுக்குள் முன் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். ஒன்பது வருஷத்தில் அவர் ஆர்கனுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறாரே ஒழிய, முன்னால் உட்கார்ந்து கேட்டதில்லை. குளோத்தில்ட் மேலேயிருந்து அவருடைய நரைத்த தலையைப் பார்த்தாள். பூசை முடிந்ததும் மெயில் வண்டி போல நிற்காமல் முழுசாக முக்கால் மணி நேரம் வாசித்தாள். பாதரும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கேட்டார். மோட்டார் மூச்சு வாங்கவே இல்லை. அவளுக்குத்தான் வாங்கியது.

இறங்கி வந்தபோது சொரிமுத்து வாசலில் நின்று வலது தோளை நீவிவிட்டுக்கொண்டிருந்தார்.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"முன்னாடி உக்காந்தா இப்பிடியா கேக்கும்!" என்றார் சொரிமுத்து. "ஆனா என்னம்மா, நீங்க ஏறுத எடத்துல எல்லாம் எனக்குக் கை தன்னால இழுக்கி. சும்மா உக்காந்து கேட்டதுக்கே தோள்பட்டை விட்டுப்போச்சி."

"பெஞ்சு ஆடுன ஆட்டத்துல எனக்கும் இடுப்பு போச்சு," என்றாள் பேராச்சி. "வாங்க, காப்பி குடிச்சிட்டுப் போவம்."